பிராங்க்பர்ட் புத்தகச் சந்தைக்குக் கோலாலம்பூரிலிருந்து: பதிப்புத் துறை மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பதிப்புத் துறை படிக்கும் தமிழ் மாணவர்கள் நம் நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களில் சிலர் எப்படியோ பணம் திரட்டி வெளிநாட்டுப் புத்தகச் சந்தைக்குப் போய்வருகிறார்கள். பை நிறைய விளம்பரத் தாள்களும் கைப்பேசி நிறையப் படங்களும் வந்து சேர்கின்றன. அங்கே என்ன வியாபாரம் நடந்தது என்று கேட்டால் மட்டும் தெளிவான பதில் வருவதில்லை. ஜெர்மனியின் பிராங்க்பர்ட் போன்ற சந்தையில் கைமாறுவது புத்தகம் அல்ல, அதை வேறு மொழியிலோ வேறு நாட்டிலோ வெளியிடும் உரிமை. அது சின்னச் சின்ன மேசைகளில் தணிந்த குரலில் நடக்கிறது. வேடிக்கை பார்க்கப் போகிறவர் கண்ணில் அது படாது.

ஆகவே என் முதல் யோசனை இது: ஒரே ஒரு மலேசியத் தமிழ் நூலைத் தேர்ந்தெடுத்து, அதற்காகப் பேசத் தயாராகிப் போங்கள். அந்த நூலை யாரும் வாங்காமல் போகலாம். ஆனால் அதற்காக வாய் திறக்கும்போதுதான் எதிரே இருப்பவர் என்ன கேட்கிறார், எதைக் கேட்காமலே புரிந்துகொள்கிறார், எங்கே ஆர்வம் இழக்கிறார் என்பதெல்லாம் தெரியவரும். அதுதான் படிப்பு.

எந்தச் சந்தை, எப்போது

எல்லாப் புத்தகச் சந்தையும் ஒன்றல்ல. சிறுவர் நூலில் நாட்டம் உள்ளவர்களுக்கு இத்தாலியின் பொலோன்யா பொருந்தும். அது வசந்த காலத்தில் நடக்கிறது. ஆங்கிலப் பதிப்புலகை அறிய லண்டன். செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் சென்னை பன்னாட்டுப் புத்தகக் காட்சி இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு 2023 ஜனவரியில் தொடங்கிய இது உரிமைப் பரிமாற்றத்துக்கென்றே நடத்தப்படுவது. மொழிபெயர்ப்புக்கு நல்கையும் (நிதியுதவியும்) வழங்குகிறது. நந்தனத்தில் கூட்டம் அலைமோதும் ஆண்டுப் புத்தகக் காட்சி வேறு, இது வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உலகின் உரிமை வணிகம் முழுவதையும் ஒரே கூரையின்கீழ் பார்க்க வேண்டுமென்றால் பிராங்க்பர்ட்தான். அதற்குப் பக்கத்து ஊரான மைன்ஸில்தான் 1450களில் குட்டன்பர்க் அச்சுக்கூடம் நடத்தினார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பிராங்க்பர்ட்டில் புத்தக வணிகர்கள் கூடத் தொடங்கிவிட்டார்கள். இன்றைய சந்தை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 1949இல் பவுல் தேவாலயத்தில் 205 ஜெர்மன் காட்சியாளர்களோடு தொடங்கியது. இப்போது 4,000க்கும் மேற்பட்ட காட்சியாளர்கள் வருகிறார்கள்.

சந்தை ஆண்டுதோறும் அக்டோபரில், புதன் முதல் ஞாயிறு வரை நடக்கும். நம் வீடுகளில் இது தீபாவளிக் காலம். 2025இல் சந்தை அக்டோபர் 19இல் முடிந்தது, மறுநாள் தீபாவளி. இப்படி மோதும் ஆண்டுகளில் வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள், டிக்கெட்டையும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

ஒத்திகை நம் ஊரிலேயே

கோலாலம்பூர் அனைத்துலகப் புத்தக விழா 1981 முதல் நடந்துவருகிறது. பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில் உலக வாணிப மையத்தில் நடக்கும். அந்த இடத்தைப் பலர் இன்னும் பழைய பெயரில் பிடபிள்யூடிசி என்றே சொல்கிறார்கள். அங்குள்ள எல்ஆர்டி ரயில் நிலையத்தின் பெயரும் அதுதான். இந்த விழா முதன்மையாக வாசகர்களுக்கானது, கழிவு விலைக்கானது. ஆனாலும் உரிமை பேச வரும் மலாய், இந்தோனேசியப் பதிப்பாளர்களை இங்கே பார்க்க முடியும். வார இறுதியில் போகாதீர்கள். வார நாள் காலையில் போனால் அரங்கில் இருப்பவர்களுக்குப் பேச நேரம் இருக்கும்.

அங்கே ஒரு பயிற்சி செய்யுங்கள். ஒரு மலாய்ப் பதிப்பக அரங்கில் போய், “நான் பதிப்புத் துறை மாணவர். தமிழிலிருந்து மொழிபெயர்த்த நூல் எதையாவது வெளியிட்டிருக்கிறீர்களா?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் எதுவாக இருந்தாலும் அடுத்த கேள்வி தானாக வரும்: ஏன்? மலேசியத் தமிழ் நூலுக்கு மிக அருகில் இருக்கும் வேற்றுமொழி வாசகர், அதே சாலையில் அதே எல்ஆர்டியில் போய்வரும் மலாய் வாசகர்தான். பிராங்க்பர்ட் வரை போகும் நாம் அவரைத் தாண்டிப் போகக்கூடாது. மலாய் மொழி வளர்ச்சிக்கான அரசு நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தகாவும் மலேசிய மொழிபெயர்ப்பு, நூல் நிறுவனமும் நம் ஊரிலேயே இருக்கின்றன. அவை இதுவரை மொழிபெயர்த்த நூல்களின் பட்டியலைப் புரட்டினால் எது கவனம் பெறுகிறது என்று ஓரளவு பிடிபடும்.

நூலைத் தேர்ந்தெடுத்தல், உரிமை யாரிடம் இருக்கிறது என்று அறிதல்

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் செய்யுங்கள். பயணத்தின் பாதி இங்கேயே நடந்துவிடுகிறது.

மலேசியத் தமிழ் நூல்களில் பெரும்பகுதியை எழுத்தாளரே தம் செலவில் அச்சிடுகிறார். வெளியீட்டு விழாவில் பிரமுகர்கள் மேடையேறி முதல் நூல் பெற்று உறையில் பணம் கொடுக்கிறார்கள். அச்சுச் செலவு அந்த ஒரு மாலையில் தேறினால் உண்டு, இல்லாவிட்டால் மிச்சப் பிரதிகள் கட்டிலுக்கடியில். இந்த ஏற்பாடுதான் நம் இலக்கியத்தை இத்தனை காலம் உயிரோடு வைத்திருக்கிறது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் இதில் ஒப்பந்தம் என்ற ஒன்றே எழுதப்படுவதில்லை. எனவே ஒரு நூலின் மொழிபெயர்ப்பு உரிமை யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் அச்சகத்தாருக்கும் தெரியாது, சில வேளைகளில் எழுத்தாளருக்கும் தெரியாது.

எழுத்தாளர் உயிரோடு இருந்தால் நேரில் போய்ப் பாருங்கள். “ஐயா, உங்கள் நாவலைப் பற்றி வெளிநாட்டுப் பதிப்பாளர்களிடம் பேச அனுமதி வேண்டும்” என்று கேட்டு, ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். அந்தக் கடிதத்தில் மூன்று விஷயங்கள் போதும்: மொழிபெயர்ப்பு உரிமை இன்னும் யாருக்கும் தரப்படவில்லை, நூலை அறிமுகம் செய்ய உங்களுக்கு அனுமதி உண்டு, ஒப்பந்தம் செய்யும் அதிகாரம் எழுத்தாளருக்கே. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நீங்கள் எழுத்தாளர் சார்பில் உரிமை விற்கும் முகவர் அல்ல, மாணவர். அந்த எல்லை இரு தரப்புக்கும் நல்லது.

நூல் சென்னைப் பதிப்பகம் ஒன்றின் வெளியீடாக இருந்தால் ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ‘அனைத்து மொழி உரிமையும்’ என்ற ஒரு தொடர் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டிருக்கலாம். எழுத்தாளர் காலமாகிவிட்டிருந்தால் வாரிசுகளைத் தேடுங்கள். மலேசியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 50 ஆண்டு வரை பதிப்புரிமை நீடிக்கும். இந்தியாவில் 60, ஜெர்மனியில் 70. பழைய நூல் என்பதால் பொதுச்சொத்து என்று நினைத்துவிடக் கூடாது.

நூலுக்காக எங்கெங்கோ தேடி அலைய வேண்டியதில்லை. பிரிக்பீல்ட்ஸ், ஜாலான் மஸ்ஜித் இந்தியா பக்கத்துப் புத்தகக் கடைகளிலும் மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தின் தமிழ்ப் பகுதியிலும் தேட ஆரம்பிக்கலாம். தேர்வில் என் அளவுகோல் ஒன்றுதான்: இந்தக் கதையை வேறு எந்த நாட்டு எழுத்தாளராலும் எழுதியிருக்க முடியாது என்று சொல்லக்கூடியதா? சென்னையை மையமாகக் கொண்ட காதல் கதையை நம்மவர் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும், பிராங்க்பர்ட்டில் அதைக் கோலாலம்பூரிலிருந்து கொண்டுபோவதற்குக் காரணம் சொல்ல முடியாது.

ஒற்றைத் தாள்

நூலைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். மேலே நூலின் பெயர், எழுத்தாளர், வெளிவந்த ஆண்டு, பக்க எண்ணிக்கை, ஐஎஸ்பிஎன் என்னும் நூல் அடையாள எண். நம் நாட்டில் ஐஎஸ்பிஎன் தருவது தேசிய நூலகம். பழைய நூல்களில் அது இல்லாமலும் இருக்கும். அடியில் எந்த உரிமை காலியாக இருக்கிறது, யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்பது. நடுவில் கதை. இந்த நடுப்பகுதியில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள்.

ஒரு கற்பனை நாவலை வைத்துக் காட்டுகிறேன். வழக்கமான அணிந்துரை நடையில் எழுதினால் இப்படி வரும்: “தோட்டப்புற மக்களின் வாழ்வியலையும் அவர்தம் துயரங்களையும் உள்ளது உள்ளபடி சித்திரிக்கும் உன்னதப் படைப்பு.” இதைப் படிக்கும் ஜெர்மன் பதிப்பாசிரியருக்கு ஒன்றுமே தெரியாது. எந்தத் தோட்டம்? யார்? என்ன நடந்தது?

அதே நாவலை இப்படிச் சொல்லலாம்: “1943. கோலசிலாங்கூர் ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து ஒருவனைச் சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோகிறார்கள். விடிகாலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) கிராணி (தோட்டக் கணக்கர்) பெயர் வாசிக்கும்போது, அவன் பெயர் வந்ததும் மனைவி ‘இருக்கிறார்’ என்று குரல் கொடுக்கிறாள். போர் முடிந்த பிறகும் நிறுத்தவில்லை.” மூன்று நான்கு வரிதான். ஆண்டு இருக்கிறது, இடம் இருக்கிறது, ஒரு செயல் இருக்கிறது. படிப்பவர் தானாகவே “பிறகு?” என்று கேட்பார்.

அடுத்த பத்தியில் பின்னணி. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் (தாய்லாந்து) ரயில்பாதையில் நேசநாட்டுப் போர்க்கைதிகள் பட்ட பாடு ஐரோப்பாவில் பலருக்குத் தெரியும். அவர்களைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் அங்கே வேலை வாங்கப்பட்டார்கள், அவர்களில் மலாயாத் தோட்டங்களின் தமிழர்களும் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள் என்பது அந்த அளவுக்குத் தெரியாது. தெரிந்த ஒன்றின் தெரியாத பக்கத்தைக் காட்டும் நூல் இது என்று சொல்ல முடிந்தால் பதிப்பாசிரியருக்கு அதைத் தன் அலுவலகத்தில் எடுத்துச் சொல்ல வழி கிடைக்கிறது. அவரும் திரும்பிப் போய் இன்னொருவரைச் சம்மதிக்க வைக்க வேண்டியவர்தான்.

இந்தத் தாளோடு 15 முதல் 20 பக்கம் வரை ஆங்கில மாதிரி மொழிபெயர்ப்பும் வேண்டும். ஜெர்மன் பதிப்பாசிரியர்கள் ஆங்கிலத்தில் படித்துத்தான் முடிவெடுப்பார்கள். மொழிபெயர்ப்பவருக்குக் கூலி கொடுங்கள், பெயரையும் தாளில் போடுங்கள். இரண்டையும் பிடிஎஃப் கோப்பாக்கி, தமிழ் எழுத்துரு உள்ளே பதிந்திருக்கிறதா என்று வேறொருவர் கணினியில் திறந்து பார்த்துவிடுங்கள். கட்டம் கட்டமாகத் தெரியும் தமிழ்த் தலைப்போடு ஒரு நூலை அறிமுகம் செய்ய முடியாது.

சந்திப்புக்கு நேரம் கேட்டல்

முகவர்களும் உரிமை மேலாளர்களும் அரை மணிக்கு ஒரு சந்திப்பு என்று காலை முதல் மாலை வரை நிரப்பிவைத்திருப்பார்கள். ஆகஸ்டிலேயே அந்தப் பட்டியல் நிரம்பத் தொடங்கிவிடும். எனவே ஜூலை கடைசியில் மின்னஞ்சல் அனுப்புங்கள். பெரிய பதிப்பகங்களை விட்டுவிடுங்கள். ஆசிய, ஆப்பிரிக்க மொழிபெயர்ப்புகளை வெளியிடும் சிறு பதிப்பகங்களை அவர்கள் நூற்பட்டியலை வைத்தே கண்டுபிடிக்கலாம். மின்னஞ்சலில் அவர்கள் வெளியிட்ட ஒரு நூலைக் குறிப்பிட்டு, அதனால்தான் எழுதுகிறேன் என்று சொல்லுங்கள். மாணவர் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். பதினைந்து நிமிடம் போதும் என்று கேளுங்கள். இருபது பேருக்கு எழுதினால் நான்கைந்து பேர் பதில் போடுவார்கள். அது நல்ல விளைச்சல்.

இலக்கிய முகவர் மையம் என்று தனி மண்டபம் இருக்கிறது. முன்கூட்டிச் சந்திப்பு இல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்கள். அதற்குள் போக முடியவில்லையே என்று வருந்த வேண்டாம்.

பயண ஏற்பாடு

மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்கள் எந்த 180 நாள் காலத்திலும் 90 நாள் வரை விசா இல்லாமல் ஜெர்மனியில் தங்கலாம். கடப்பிதழ் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கட்டும். 2025 அக்டோபர் முதல் ஐரோப்பிய எல்லைகளில் கைரேகையும் முகப்படமும் பதிவு செய்யும் முறை தொடங்கியிருக்கிறது. விமான நிலைய வரிசைக்கு நேரம் ஒதுக்குங்கள். ஈடியாஸ் என்னும் முன் அனுமதி முறையும் வரவிருப்பதால் டிக்கெட் எடுக்கும் முன் ஐரோப்பிய ஒன்றியத்தின் அகப்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். கல்லூரிக் கடிதம், தங்குமிட முன்பதிவு, திரும்பும் டிக்கெட், காப்புறுதி நான்கையும் தாளாகவே கையில் வைத்திருங்கள்.

சந்தை வாரத்தில் பிராங்க்பர்ட் விடுதிகளின் வாடகை தலைசுற்றும். மைன்ஸ், ஒஃபன்பாக், டார்ம்ஸ்டாட் ஆகிய பக்கத்து ஊர்களில் தேடுங்கள். மைன்ஸும் ஒஃபன்பாக்கும் விமான நிலையத்தைத் தொட்டுச் செல்லும் எஸ்8 ரயில் பாதையிலேயே இருக்கின்றன. சந்தைச் சீட்டில் வர்த்தகப் பார்வையாளர், பொதுப் பார்வையாளர் என்று இரண்டு வகை உண்டு. உங்களுக்கு வேண்டியது முதல் வகை. புதனும் வியாழனும் வர்த்தகத்துக்கே உரியவை, வார இறுதி வாசகர்களுக்கு.

குளிர் பத்துப் பன்னிரண்டு பாகையில் இருக்கும். கால் பழகிய காலணி போடுங்கள். நம் மூன்று முள் பிளக் அங்கே செருகாது, பிளக் மாற்றி (அடாப்டர்) ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும்.

சந்தை நாள்கள்

புதன் காலை யாரையும் சந்திக்காதீர்கள். நடங்கள். மண்டபங்கள் மாடி மாடியாக விரிந்து கிடக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகரும் நடைபாதை இருந்தும் கால் மணி நேரம் பிடிக்கும். உங்கள் சந்திப்புகள் எந்த மண்டபத்தில், எந்த மாடியில் என்று நேரில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தாமதமாக வருகிறவருக்கு மறு வாய்ப்பு தர அவர்களிடம் நேரம் இருக்காது.

பிறகு சிறப்பு விருந்தினர் நாட்டின் அரங்குக்குப் போங்கள். இந்தியா 1986, 2006 ஆகிய இரு ஆண்டுகள் அந்த இடத்தில் இருந்தது. தென்கிழக்காசியாவிலிருந்து முதலில் அழைக்கப்பட்டது 2015இல் இந்தோனேசியா, அடுத்து 2025இல் பிலிப்பைன்ஸ். அண்டை நாடுகள் தங்கள் இலக்கியத்தை எப்படி அடுக்கிக் காட்டுகின்றன, எந்த நூலை முன்னே வைக்கின்றன, மொழிபெயர்ப்புக்கு அரசு எவ்வளவு கைகொடுக்கிறது என்பதைக் கவனித்துக் குறிப்பெடுங்கள். நம் நாட்டு அரங்கில் தமிழ் நூல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அங்கிருப்பவரிடம் பணிவாகக் கேளுங்கள், அடுத்த ஆண்டு சேர்க்க என்ன செய்ய வேண்டும் என்றும் கேட்டு எழுதிவையுங்கள்.

சந்திப்பில் உட்கார்ந்ததும் தாளை நீட்டாதீர்கள். முதலில் அவர்கள் நூலைப் பற்றி ஒரு கேள்வி: “இந்த மொழிபெயர்ப்பை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?” பதிப்பாசிரியர்கள் இதைச் சொல்ல விரும்புவார்கள். அந்தப் பதிலில் முகவர், நல்கை, நீதிபதியைப் போல நூலைப் படித்துக் கருத்துச் சொல்லும் வெளி வாசகர் என்று அந்தத் தொழிலின் முழுச் சங்கிலியும் வந்துவிடும். பிறகு உங்கள் நூலை அந்த மூன்று நான்கு வரியில் சொல்லுங்கள். சொல்லி நிறுத்துங்கள். மௌனத்தை நிரப்ப வேண்டாம்.

அவர் தொடர்ந்து கேட்டால் கேள்விகள் இப்படித்தான் இருக்கும்: எந்த மொழி உரிமை காலி? எந்த நாடுகளுக்கு? ஆங்கிலத்தில் வந்திருக்கிறதா? எத்தனை பிரதி விற்றது? கடைசிக் கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். ஐந்நூறு பிரதி அச்சிட்டு விழாவில் விற்றது என்றால் அப்படியே சொல்லுங்கள். அந்த ஏற்பாட்டையும் இரண்டு வரியில் விளக்குங்கள். பலருக்கு அது புதிய செய்தியாக இருக்கும், நூலின் மீதும் அக்கறை வரும். முன்பணம், ராயல்டி என்று பேச்சு போனால், அதை எழுத்தாளர்தான் முடிவு செய்வார் என்று சொல்லி, அவர்கள் வழக்கத்தில் ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு, மின்நூல் சேருமா, துணை உரிமைகளில் எழுத்தாளர் பங்கு என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வகுப்பறையில் இவற்றை இத்தனை தெளிவாகக் கேட்க முடியாது.

நேரம் முடிந்தால் எழுந்துவிடுங்கள். வெளியே வந்ததும் அடுத்த அரங்குக்குப் போகாமல் ஒரு மூலையில் நின்று பேசியதை எழுதுங்கள். மாலையில் எழுதினால் எல்லா முகமும் ஒன்றாகிவிடும்.

மாலை ஐந்து மணிக்குமேல் அரங்குகளில் சிறு விருந்துகள் நடக்கும். மது வேண்டாதவர்கள் பழச்சாறு கையில் வைத்துக்கொண்டு நிற்கலாம். யாரும் வற்புறுத்த மாட்டார்கள். உங்கள் வயது உதவி ஆசிரியர்களை அங்கேதான் சந்திப்பீர்கள். பத்து ஆண்டு கழித்து முடிவெடுக்கும் நாற்காலியில் அவர்கள்தான் இருப்பார்கள்.

நேரம் இருந்தால் ஹாலே

சந்தை முடிந்து ஒரு நாள் கையில் இருந்தால் சுற்றுலாத் தலங்களை விட்டு ஹாலே நகருக்கு ரயில் ஏறுங்கள். சுமார் மூன்று மணி நேரம். தரங்கம்பாடியில் ஜெர்மன் மதப்போதகர் சீகன்பால்க் நடத்திய அச்சகத்துக்குத் தமிழ் எழுத்துகள் இங்கேதான் வார்க்கப்பட்டுக் கப்பலேறின. அவை பெரியவையாக இருந்து தாளை விழுங்கவே, தரங்கம்பாடிக்கு அருகில் பொறையாரில் சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. ஹாலேயின் பிராங்கே அறக்கட்டளைக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் இருக்கின்றன. காப்பகத்தைப் பார்க்க முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். பதிப்புத் துறையைத் தொழிலாக எடுக்கப்போகும் தமிழருக்கு இந்த ஊரைப் பார்க்காமல் ஜெர்மனியிலிருந்து திரும்புவது பெரிய குறை என்பேன்.

திரும்பிய பிறகு

கோலாலம்பூர் வந்து இறங்கிய வாரத்திலேயே சந்தித்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர் கேட்டதை இணையுங்கள். கேட்காததை இணைக்க வேண்டாம். பதில் வராவிட்டால் டிசம்பர் முதல் வாரத்தில் ஒருமுறை நினைவூட்டுங்கள், அதோடு விடுங்கள். வேண்டாம் என்று பதில் வந்தால் நன்றி சொல்லி, எந்த வகை நூல் அவர்களுக்குப் பொருந்தும் என்று மட்டும் கேளுங்கள்.

எழுத்தாளரை மறுபடியும் நேரில் பாருங்கள். நல்ல செய்தி இல்லையென்றாலும் யாரிடம் பேசினீர்கள், என்ன சொன்னார்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். அவர் கடிதத்தில் கையெழுத்துப் போட்டது உங்களை நம்பித்தான். ஒப்பந்தம் வரும் அறிகுறி தெரிந்தால் பதிப்புரிமை தெரிந்த வழக்கறிஞரிடம் அவரை அழைத்துப் போங்கள்.

கடைசியாக, ஒற்றைத் தாளையும் மாதிரி மொழிபெயர்ப்பையும் சந்திப்புக் குறிப்புகளையும் ஒரே கோப்பில் போட்டு, உங்களுக்கு அடுத்து போகப்போகும் மாணவரிடம் கொடுத்துவிடுங்கள். யார் பதில் போட்டார்கள், யார் போடவில்லை என்ற பட்டியலும் அதில் இருக்கட்டும். ஜூலையில் அவர் மின்னஞ்சல் எழுத உட்காரும்போது அதுதான் முதலில் தேவைப்படும்.